மலை ஊரில் சிறு கடை வைத்தால், ஒருமுறை வந்துபோகும் சுற்றுலாப் பயணியைத் திரும்ப வரவைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கொடைக்கானலில் மலைப்பொருள் கடை போட யோசிக்கிறார். "வருகிறவர்கள் ஒரு தடவைதான் வருவார்கள், அதனால் கிடைத்தவரை லாபம் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மலையையும் கெடுக்காமல், வந்தவரையும் ஏமாற்றாமல் கடை ஓடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஓடும். ஆனால் முதல் இரண்டு வருஷம் கையைக் கடிக்கும். அதைத் தாங்குகிற தெம்பு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

நாயுடுபுரம் போகிற ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எங்கள் கடை. மலைப்பூண்டு, தேன், தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித்தூள், மிளகு, யூகலிப்டஸ் தைலம், இவ்வளவுதான் சரக்கு. அப்பா ஆரம்பித்தது. 2011-ல் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பொறுப்பெடுத்தபோது கடை ஓடியதே டிரைவர் கமிஷனில்தான். டிராவல்ஸ் வண்டி வந்து நிற்கும், ஏழெட்டுப் பேர் இறங்கி வாங்குவார்கள், அவர்கள் ஏறியதும் டிரைவர் தம்பி பின்பக்கமாக வந்து கணக்கு வாங்கிக்கொண்டு போவார். நூறு ரூபாய்க்கு இருபத்தைந்து ரூபாய். சில கடைகளில் முப்பது, நாற்பதுகூடக் கொடுத்தார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சரக்கில் கை வைக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. வாங்கியவர் மதுரைக்கோ ஈரோட்டுக்கோ போய், அதே பொருளைப் பாதி விலைக்குப் பார்த்ததும், நம் கடையை மட்டுமா திட்டுவார்? கொடைக்கானலையே திட்டுவார்.

டிரைவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. சீசன் என்பது ஏப்ரல், மே இரண்டு மாதம். பிறகு செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம். வண்டிக்கு டியூ மட்டும் பன்னிரண்டு மாதமும் கட்டியாக வேண்டும். நான் கமிஷனை நிறுத்தியபோது ஒருவர், "அக்கா, எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க" என்று நேராகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷ சீசனில் வியாபாரம் பாதிக்கும் கீழே போனது. அதே ஆள் இன்றைக்கும் சவாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். "நீங்க கூட்டிட்டுப் போன கடையில நல்ல பூண்டு கிடைச்சுதுண்ணே" என்று சவாரிக்கு வந்தவர்களே மறுபடி அவரைக் கூப்பிடுகிறார்களாம்.

இனி நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் கடை திரும்பியதே அதிலிருந்துதான். மலைப்பூண்டை அறுத்தவுடன் தழையோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். புகை ஏறி ஏறிக் காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாது. கையில் எடுத்து மோந்தால் முதலில் புகை மணம்தான் வரும், பூண்டு வாடை பிறகுதான். பல்லும் ஒன்றுபோல் இருக்காது, தோல் லேசில் உரியாது. 2016-ல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், ஒரு வியாபாரி கொண்டுவந்த இரண்டு மூட்டையை நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் இறக்கிவிட்டேன். மேலே மலைப்பூண்டு, அடியில் சமவெளிப் பூண்டு. பத்து நாள் விற்ற பிறகு திருப்பூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். கோபமே படவில்லை. "ஏம்மா, இது உங்க பூண்டு இல்லையே?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பில் போடும் நோட்டில் போன் நம்பர் எழுதும் பழக்கம் அப்பாவுடையது. அந்தப் பத்து நாளில் வாங்கியவர்களில் பதினேழு பேருக்கு நம்பர் இருந்தது. எல்லாருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பி அனுப்பினேன். பதினேழு பேரில் பதினான்கு பேர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர்கள். நன்றாக விற்ற எந்தப் பத்து நாளும் எங்களுக்கு இப்படி ஆட்களைக் கொடுத்ததில்லை.

அப்போதிருந்து அந்த நோட்டுத்தான் கடையின் மூலதனம். பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார்கள், அவ்வளவுதான் எழுதுவேன். வருஷத்துக்கு இரண்டே செய்தி போகும்: பூண்டு புகையிலிருந்து இறங்கியதும் ஒன்று, புதுக் காபி வறுத்ததும் ஒன்று. தினமும் காலை வணக்கம் அனுப்புகிற வேலையெல்லாம் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மலை மூடியபோது, ஏரியைச் சுற்றி ஒரு குதிரை கிடையாது, ஒரு சைக்கிள் கிடையாது. பக்கத்துக் கடைகள் பல அப்போது மூடியவை திறக்கவே இல்லை. பார்சல் போக ஆரம்பித்ததும் நாங்கள் நோட்டைத் திறந்தோம். அந்த வருஷச் சாப்பாடு அதிலிருந்துதான். பிறகு ஐகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷ சீசனில், 2025 ஏப்ரலில் இருந்து, கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். கடைக்காரர்கள் கடையடைப்பு வரைக்கும் பேசினார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து மூஞ்சிக்கல் வரை, சில கிலோமீட்டர் தூரத்துக்கு, மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து வந்தவர், கைக்குழந்தையோடு கடை வாசலில் இறங்கி, "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கூட்டம் தாங்காமல் ஊர் திணறினால் முதலில் போவது திரும்ப வருகிற ஆள்தான். புது முகத்தை மட்டும் நம்பிய கடைக்கு வண்டி குறைந்தால் அடி. பழைய முகத்தை நம்பிய கடைக்கு அவ்வளவு இல்லை. எங்கள் வியாபாரத்தில் இப்போது பாதிக்கு மேல் பார்சல்.

இயற்கையைக் கெடுக்காமல் என்று கேட்டீர்கள் அல்லவா, பாட்டில் கதையைச் சொல்கிறேன். இங்கே ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தேனை நாங்கள் கண்ணாடிக்கு மாற்றியபோது அதே 20 ரூபாயை மனதில் வைத்து, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் விலையில் 20 ரூபாய் கழிவு என்று எழுதிப் போட்டோம். கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்துத்தான் மறுபடி ஊற்றுவோம். மூடி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது. குப்பையைக் குறைக்கத்தான் ஆரம்பித்தோம். நடந்தது அதுக்கும் மேலே. விருதுநகரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், நான்கு காலி பாட்டிலை ஒன்றோடொன்று இடிக்காமல் பழைய துண்டில் தனித்தனியாகச் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எண்பது ரூபாய்க்காக யாரும் அப்படி வர மாட்டார்கள். பாட்டில் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை எங்கள் கடை அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "கொடுத்துட்டுப் போகணும்னு தோணிட்டே இருந்துச்சும்மா" என்றார்.

வாங்குகிறவர் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, விளைவிக்கிறவர் இல்லாமல் நமக்குக் கடையே இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர் விளைச்சல் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்தது. பெயர் பெரிதானது, போலியும் கூடவே பெருகியது. விலை ஏறும் வருஷத்தில் விவசாயி விதைப்பூண்டையும் சேர்த்து வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கடன் அப்படி. அடுத்த போகத்துக்கு விதை வாங்க மறுபடி கடன் வாங்குவார். அதனால் பூம்பாறையில் நாங்கள் வாங்கும் ஆறு வீட்டுக்கும் நடவுக்கு முன்னாலேயே முன்பணம் கொடுக்கிறோம். விதைக்கு எடுத்துவைத்த கொத்தை விற்கக்கூடாது என்பது மட்டும்தான் பேச்சு. காட்டுமாடு இறங்கி மேய்ந்துவிட்டால் அந்த வருஷம் முன்பணத்தைக் கேட்க மாட்டோம். இதில் எங்களுக்கு நஷ்டமும் வந்திருக்கிறது. ஆனால் சந்தையில் சரக்கே இல்லாத மாதத்திலும் எங்களுக்குப் பூண்டு வந்திருக்கிறது.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. பிளம்ஸ், பேரிக்காய் விற்பவருக்குப் பார்சல் உதவாது. சாக்லெட்டை மே மாதம் மதுரைக்கு அனுப்பிப் பாருங்கள், கூழாகத்தான் போய்ச்சேரும். அவர்கள் அன்றன்றைக்கு வருகிற கூட்டத்தைத்தான் நம்பியாக வேண்டும். கெடாத, வீட்டில் தீர்ந்துபோகிற, தீர்ந்ததும் ஞாபகம் வருகிற பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

தேன் வைப்பதாக இருந்தால் ஒரு விஷயம். கலப்படமா என்று தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, பேப்பரில் வைத்துப் பார்ப்பது எதையும் நம்ப முடியாது. உறைந்துபோனால் சர்க்கரை என்று சண்டைக்கு வருவார்கள். நல்ல தேனும் குளிரில் உறையும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, "குறிஞ்சித் தேன் இருக்கா?" என்று கேட்பார்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. வேறு குறிஞ்சி வகைகளும் உண்டு என்றாலும், கேட்பவர்கள் மனதில் இருப்பது இந்த நீலப்பூதான். அதன் பெயரில் வருஷா வருஷம் பாட்டில் எப்படி வரும்? இல்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னபோது வாங்காமல் போனவர்கள் நிறைய.

2018-ல் பூவைப் பார்க்கக் கரூரிலிருந்து ஒரு தம்பதி நான்கு வயது மகளோடு வந்தார்கள். குறிஞ்சித் தேன் கேட்டார்கள், இல்லை என்றேன், சாதாரணத் தேன் அரைக்கிலோ வாங்கிக்கொண்டார்கள். நோட்டில் நம்பர் எழுதும்போது அந்தத் தம்பி பேனாவை வாங்கி, பெயருக்குப் பக்கத்தில் "2030, மூவரும்" என்று அவரே எழுதினார். இடையில் ஐந்து தடவை வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு நான் பிளாஸ்டிக் இல்லாமல் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு வைத்திருக்கிறேன், அதுவரை கிழியாமல் இருக்க வேண்டும்.