வங்கி அதிகாரி வந்த இரவு

கேள்வி: மெக்சிகோவில் போதைக் காளானைத் தின்றுவிட்டு வைத்தியம் பார்த்த மரியா சபீனாவை ஞானி என்று கொண்டாடுகிறார்களே? உலக இளைஞர்களுக்குப் போதையைக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா அவர்?

பதில்: கற்றுக்கொடுத்தது அமெரிக்கப் பத்திரிகை, பழி மட்டும் சபீனாவுக்கு. வாஹாகா மாநிலத்தின் மலையூரான உவாவ்த்லாவில் வாழ்ந்த மசாதெக் இனத்தவரான அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவருக்குப் பிணி எதனால் வந்தது, அவர் தேறுவாரா என்று கேட்டறிவதற்காகவே, மழைக்காலத்தில் முளைக்கும் அந்தக் காளானை இரவில், வீட்டுப் பீடத்தின் முன், கோப்பால் பிசின் புகைய, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு உண்பது அங்குள்ள வழக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘புனிதக் குழந்தைகள்’. எண்ணுவதும் இணை இணையாகத்தான். சபீனா விடிய விடியப் பாடுவார். அடிதோறும் ‘த்சோ’ என்றொரு சொல் வந்து விழும். ‘சொல்கிறது’ என்று அதற்குப் பொருள்; அதாவது, பேசுவது தாம் அல்ல, காளான்தான் என்பது அவர் கணக்கு. போதை தேடி உண்பவருக்கு இந்தச் சொல் எதற்கு?

16ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பானியத் துறவி சாகாகூன் இத்தகைய காளான்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். திருச்சபை பேய்த்தொழில் என்று பழித்ததால் அந்த வழக்கம் மறைவில் ஒதுங்கியே பிழைத்தது. 1955 ஜூன் இறுதியில் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன், ஊர் அதிகாரி ஒருவரின் சிபாரிசோடு வந்து சபீனாவின் சடங்கில் அமர்ந்தார். அவருக்குக் கிடைத்தது 6 இணை. சபீனா உண்டது 13 இணை. அந்த ஊர் அதிகாரி கேட்டுக்கொண்டதால்தான் இசைந்ததாகச் சபீனா பின்னாளில் சொன்னார்.

1957 மே மாதம் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் வாசன் அந்த இரவைப் பற்றி எழுதினார். சபீனாவின் பெயரை ‘ஏவா மெந்தெஸ்’ என்று மாற்றியவர், அவருடைய படத்தை மட்டும் அச்சேற்றினார். இது என்ன வகை மறைப்போ, எனக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்கு, அதே ஆண்டு வெளியிட்ட தம் நூலில் உண்மைப் பெயரையும் எழுதிவிட்டார். அடுத்த ஆண்டே சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து அதன் போதைப்பொருளான சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் அவரே சிலோசைபின் மாத்திரைகளோடு உவாவ்த்லாவுக்குச் சென்று சபீனாவிடம் கொடுக்க, உண்டு பார்த்த அவர், காளானின் ஆற்றல் இவற்றிலும் இருக்கிறது என்றார். இனிக் காளான் கிடைக்காத மாதங்களிலும் நோயாளிகளைப் பார்க்கலாமே என்பதுதான் அவருடைய மகிழ்ச்சி.

1960களில் ஹிப்பிகள் காளானைத் தேடிக் கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் போலீஸ் வந்தது, ராணுவம் வந்தது. சபீனாவின் வீடு தீக்கிரையானது. 1985இல் அவர் வறுமையில்தான் இறந்தார். மசாதெக் எழுத்தாளர் ஆல்வாரோ எஸ்த்ராதா 1977இல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கைக் கதையில், வாசன் வருவதற்கு முன் கடவுளைக் காண்பதற்கென்று மட்டும் எவரும் காளான் உண்டதில்லை, நோயாளி குணமாகவே உண்டார்கள் என்றும், அந்நியர் வந்த பிறகு புனிதக் குழந்தைகள் தம் வலிமையை இழந்துவிட்டன என்றும் சபீனாவே சொல்லியிருக்கிறார்.