'ரன்' என்ற சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தங்கள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு மலைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் 430 அர்த்தங்களோடு முன்னால் நின்றது. பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்களுடன் அதை முந்திவிட்டது. அந்தப் பதிவைத் தொகுத்த பீட்டர் கில்லிவருக்கே ஒன்பது மாதம் பிடித்தது. நாம் எம்மாத்திரம்?

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளைத் தமிழாக்கும் வேலை வந்தது. எக்செல் தாளில் வரிசையாகச் சொற்கள். எது எந்தத் திரையில் வரும் என்று காட்ட ஒரு படம்கூடக் கிடையாது. நடுவில் தன்னந்தனியாக 'ரன்'. மின்னஞ்சலில் கேட்டேன், பதில் இல்லை. (கேட்காமல் செய்தாயா என்று யாரும் வரவேண்டாம். இரண்டு முறை கேட்டேன்.) 'ஓடு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பார்த்தால், அது ஒரு பொத்தான்! சோதித்தவர், "இது அழுத்தச் சொல்கிறதா, நம்மை விரட்டுகிறதா?" என்று கேட்டிருந்தார்.

சரி, 'இயக்கு' என்று மாற்றுங்கள் என்றேன். கோப்பில் இருந்த 'ஓடு' அத்தனையையும் ஒரே தட்டில் மாற்றிவிட்டார்கள். "நிரல் (புரோகிராம்) ஓடுகிறது" என்பது "நிரல் இயக்குகிறது" ஆனது. எதை இயக்குகிறது? பழி மட்டும் என் தலையில்.

அன்றைக்குத்தான் உறைத்தது. தானாக நடந்தால் ஓடு, இயங்கு. இன்னொருவர் நடத்தினால் ஓட்டு, இயக்கு என்று தமிழ் பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'. நிரலும் ரன் ஆகும், நிரலை நாமும் ரன் செய்வோம். அப்புறம், கால் ஓடுவது போல நீரும் ஓடுகிறது என்பதால் ஆறு, ஒழுகும் மூக்கு, துணியில் பரவும் சாயம் எல்லாம் இதற்குள் வந்தன. இயந்திரங்கள் வந்தபோது அவையும் சேர்ந்துகொண்டன. ஆகவே கூட நிற்கும் சொல்லைப் பாருங்கள்: மூக்கா (ஒழுகுவது), வங்கியா (பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடிப்பது), தேர்தலா (போட்டியிடுவது)? அர்த்தம் தானாகப் பிடிபடும்.

நம் 'ஓடு' மட்டும் என்ன, கூரையிலும் முட்டையிலும் ஆமை முதுகிலும் இருக்கிறதே! அவை ஒலி ஒத்த வேறு சொற்கள் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் இன்னும் விட முடியவில்லை. அந்த வேலைக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. 645 அர்த்தமுள்ள 'ரன்'னுக்கும் ஒன்றிரண்டு அர்த்தமே உள்ள 'கால்குலேட்டரு'க்கும் ஒரே ரேட். பட்டியலில் 'ரன்' நான்கு இடங்களில், நான்கு அர்த்தத்தில் வந்திருந்தது. திரும்ப வந்த சொல் என்று மூன்றுக்குக் காசைக் கழித்துக்கொண்டார்கள்.