வாசகர் கேள்வி: எல்லோருமே வாக்களித்தார்களாம்!

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் 18 முதல் 29 வயது வரையானோரின் அரசியல், பொதுப்பணி ஈடுபாட்டை அறிய எங்கள் இளைஞர் கழகம் வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பியது. சுமார் 100 பேர் பதில் தந்தார்கள். 2024 பொதுத் தேர்தலில் கிட்டத்தட்ட எல்லோரும் வாக்களித்திருக்கிறார்கள். இதை வெளியிடலாமா?

பதில்: வேண்டாம். 2024 நவம்பர் 14 அன்று நாடு முழுவதும் வாக்களித்தவர்களே ஏறத்தாழ 69 சதவீதம்தான். உங்கள் குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஊர் வேலைகளில் முன்நிற்பவர்கள். போதாததற்கு, வாக்களிக்காதவரும் கூச்சத்தில் 'ஆம்' என்றுவிடுவார்.

கேள்வியை மாற்றுங்கள். "வேலை, நோய், தூரம் என்று பலருக்கு அன்று வாக்களிக்க முடியாமல் போனது. உங்களுக்கு எப்படி?" என்று தொடங்கி நான்கு விடைகள் கொடுங்கள்: 'வாக்களிக்கவில்லை'; 'நினைத்தேன், ஆனால் போகவில்லை'; 'வழக்கமாக வாக்களிப்பேன், இம்முறை இல்லை'; 'நிச்சயமாக வாக்களித்தேன்'. பொய் முற்றாக நின்றுவிடாது, ஆனால் குறையும்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கட்டாயம்: உங்கள் பெயர் எந்த ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது? புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பொடியன்களில் பலருக்கு வாக்கு ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கும். தபால் வாக்கு அரச ஊழியர், படையினர் போன்றோருக்குத்தான். கடைப் பையனுக்கு இல்லை. முதலாளி லீவு தராமல், பஸ் காசும் இல்லாமல் நின்றுபோனவனை 'அக்கறையற்றவன்' என்ற பெட்டிக்குள் போட்டால் ஆய்வே பிழை. அன்று 18 வயது நிரம்பாதவர்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வாக்கு மட்டும் ஈடுபாடு அல்ல. ஆனால் "அரசியலில் ஈடுபடுகிறீர்களா?" என்றால் பாதிப்பேர் கையை விரிப்பார்கள். கடந்த 12 மாதங்களில் செய்ததைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சிரமதானம், இரத்த தானம், வெள்ள நிவாரணம், மனுவில் கையெழுத்து, ஊர்வலம், மாநகர சபை உறுப்பினரிடம் முறையிட்டது, 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்டது.

கேள்வி: அப்படியானால் எத்தனை பேரை, எப்படிப் பிடிப்பது?

பதில்: எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், தெரிந்தெடுத்த 100 பேர் என்றால் கிடைக்கும் விகிதம் உண்மையைவிடப் பெரும்பாலும் 10 சதவீதப் புள்ளி வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம். இதுதான் வழு. 5 ஆக்க 385 பேர் வேண்டும். ஒரே தோட்டத்து (நெருக்கமான குடியிருப்பு) வீடுகள் ஒரே மாதிரிப் பேசும், ஆகவே 550க்கு மேல் போவதே நல்லது. வாட்ஸ்அப்பில் 1,000 பேர் வந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிலவற்றைக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொன்றிலும் வீடுகளை எண்ணிப் பத்துக்கு ஒன்றாகப் போங்கள். வீட்டில் இளையவர்கள் பலர் இருந்தால் அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவரே. கதவைத் திறந்தவர் அல்ல. பகலில் போனால் வேலைக்குப் போகிறவர்கள் தப்பிவிடுவார்கள். மாலை 6க்குப் பிறகும் ஞாயிறும் போங்கள். மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று பதியுங்கள், பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளையும் சேர்ப்பதாக இருந்தால் முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், இல்லாவிட்டால் காவலாளி கேட்டிலேயே அனுப்பிவிடுவார்.

கேள்வி: எந்தக் கட்சி என்று கேட்கலாமா?

பதில்: ஆய்வுக்குத் தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள். தேவையென்றால் கடைசியில், பெயரில்லாத துண்டில் அவரே புள்ளடியிட்டு உறையில் ஒட்டித் தரட்டும். அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது.