மூன்று சுழி ண

வணக்கம் அக்கா,

டாட்டூ ஸ்டுடியோவில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை சிலிகான் தோலில்தான் பழகினேன். பத்து நாட்களுக்கு முன் முதன்முறையாக மனிதத் தோல். நண்பனின் உட்புற மணிக்கட்டில் அவன் மகள் பெயர் ‘வெண்ணிலா’. எழுத்து உயரம் 8 மில்லிமீட்டர், ஊசி 3 ஆர்.எல். (ரவுண்ட் லைனர், கோடு போடும் ஊசி). முடித்த கையோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். “கோடு நடுங்குது”, “சுத்தி புகை அடிச்ச மாதிரி இருக்கு”, “மெஷினைக் கீழ வைப்பா” என்று வரிசையாக வந்தது. ஒருவர், நான் கிளவுஸோடு போனைப் பிடித்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது என்று தேவையில்லாமல் குறை சொன்னார். மாஸ்டரும் ஒரு மாதம் மெஷினைத் தொடாதே, பேப்பரில் எழுது என்றுவிட்டார். இரவில் தூக்கம் வரவில்லை. விட்டுவிடலாமா?
க., கோவை

அன்புள்ள க.,

விட வேண்டாம். நீங்கள் ஒதுக்கித் தள்ளிய அந்தக் கிளவுஸ் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். வந்த விமர்சனங்களில் கனமானது அதுதான். ஊசி பட்ட தோலிலிருந்து ரத்தமும் நிணநீரும் கசிகின்றன. அது கிளவுஸில் ஒட்டி, போனுக்குப் போய், போனிலிருந்து உங்கள் முகத்துக்கும் அடுத்த வாடிக்கையாளருக்கும் போகும். போனில் உள்ள அழுக்கு திறந்த காயத்துக்கும் வரும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசி, 1 மாதம் கழித்து இரண்டாவது, 6-ஆம் மாதம் மூன்றாவது. போன், விளக்கு, பவர் சப்ளை என எதைத் தொட்டாலும் கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, புதியது. கோடு கோணினால் பார்க்க அழகாக இராது, அவ்வளவுதான். இந்தத் தவறு ஒருவரின் கல்லீரலைக் கெடுக்கும். சொன்னவருக்கு நன்றி எழுதுங்கள்.

அடுத்து, “கோடு நடுங்குது”. எங்கே நடுங்குகிறது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். முழுக் கோடும் அலைந்தால் தோலை இழுத்துப் பிடித்தது போதவில்லை. சிலிகான் தோல் அசையாது, அதனால் உங்கள் இடது கை இந்த ஐந்து மாதத்தில் எதையும் கற்றிருக்காது. மணிக்கட்டின் அடியில் சுருட்டிய துண்டை வைத்து, உள்ளங்கையைப் பின்னுக்கு வளைத்தால் தோல் பாதி இறுகிவிடும். மீதிக்கு இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு பக்கம் விரிக்க, மெஷின் பிடித்த கையின் சுண்டுவிரல் பக்கம் மூன்றாவது திசையில் இழுக்க வேண்டும். வளைவில் மட்டும் நடுங்கினால், பேனா பிடிப்பதுபோல் விரலால் வரைந்திருக்கிறீர்கள். கை ஊன்றியிருக்க, அசைவு முழங்கையிலிருந்து வர வேண்டும். கோடு புள்ளிபுள்ளியாக உடைந்தால் ஊசியின் வேகத்தைக் கை முந்தியிருக்கிறது. கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் மொட்டுப்போல் தடித்திருந்தால், கை நிற்கும்போதே ஊசியை இறக்கியிருக்கிறீர்கள். கோலம் போடுபவரைக் கவனியுங்கள்: மாவு விழுவதற்கு முன்பே கை நகரத் தொடங்கியிருக்கும், மாவு நின்ற பிறகும் கொஞ்சம் போகும்.

புகை என்று அவர்கள் சொன்னது ப்ளோஅவுட். மை நிற்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே உள்ள உள்தோலில், ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். அதையும் தாண்டினால் கொழுப்பு அடுக்கில் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலச் சாயல் படியும். உட்புற மணிக்கட்டில் தோல் மெல்லியது. 3 ஆர்.எல்.லில் மூன்றே ஊசிமுனைகள் இருப்பதால் அதே அழுத்தத்தில் ஆழமாக இறங்கும், கையின் ஒவ்வொரு பிசகையும் காட்டிக்கொடுக்கும். முதல் ஆண்டில் 7 அல்லது 9 ஆர்.எல்., கொஞ்சம் பெரிய டிசைன், முன்கையின் வெளிப்புறம் அல்லது கெண்டைக்கால் என்று இருங்கள். ஆழம் கைக்குப் பிடிபட ஒரு வழி: சிலிகான் தோலில் போட்ட கோட்டைக் குறுக்காக பிளேடால் வெட்டி, மை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் ஓரிடத்தில் 1, இன்னோரிடத்தில் 3 இருந்தால் அதுதான் உங்கள் சிக்கல்.

மாஸ்டர் சொன்ன தண்டனை, தண்டனையே இல்லை என்று நினைக்கிறேன். ‘வெண்ணிலா’வில் மூன்று சுழி ண இரண்டு அடுத்தடுத்து வருகிறது, ஒன்றின் மேல் புள்ளி, மற்றதன் மேல் இகர வளைவு. 8 மில்லிமீட்டர் உயரத்தில் அந்தச் சுழிகளுக்குள் எவ்வளவு வெற்றிடம் கிடைக்கும்? தோலில் எந்தக் கோடும் வருடப்போக்கில் விரியும். ஐந்தாறு ஆண்டுகளில் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆங்கில எழுத்துக்கான அளவுகளைத் தமிழுக்குப் போடவே கூடாது. ண, ஞ, இ, ஜ போன்றவற்றுக்குச் சுழியின் உள்ளே 2 மில்லிமீட்டராவது காலியாக இருக்கட்டும். அதற்காக எழுத்து 15 மில்லிமீட்டருக்கு வளர்ந்தால் வளரட்டும், இடம் போதாவிட்டால் உடலில் வேறு இடம் கேளுங்கள். பேப்பரில் இப்படிச் செய்யுங்கள்: ஒரே பெயரை 8, 12, 15 மில்லிமீட்டரில் 0.5 பேனாவால் எழுதி, அதே கோட்டின் மேல் 1 மில்லிமீட்டர் மார்க்கரால் ஓட்டுங்கள். எது அடைகிறதோ அது தோலிலும் அடையும். நாளுக்குப் பத்துப் பெயர், மாதத்துக்கு முந்நூறு. கூடவே ன, ண, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் தீரும். பெயரை வாடிக்கையாளரே தன் கையால் எழுதித் தரட்டும், ஸ்டென்சில் (தோலில் பதிக்கும் மாதிரி எழுத்து) ஒட்டிய பிறகு சத்தமாக ஒருமுறை வாசிக்கட்டும்.

“மெஷினைக் கீழ வைப்பா” என்பதில் கோட்டைப் பற்றியோ தோலைப் பற்றியோ ஒன்றும் இல்லை. பதில் எழுதாதீர்கள். ஆனால் அந்த வாசலைத் திறந்துவிட்டதில் உங்கள் பங்கும் உண்டு. முடித்த கையோடு எடுத்த படத்தில் வீக்கமும் சிவப்பும்தான் அதிகம். நாலு முதல் ஆறு வாரம் ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் எடுத்துக் காட்டுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் அபிப்பிராயம்தான் வரும். ஊசி எது, எத்தனை வோல்ட், உடலில் எந்த இடம், எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி, “இரண்டாவது சுழி மட்டும் ஏன் தடித்தது?” என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் அதற்குத்தான் நின்று பதில் சொல்வார்கள்.

நண்பரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இப்போதே டச்-அப் என்று இறங்க வேண்டாம், ஆறாத தோலை மறுபடி குத்தினால் தழும்பாகும். இன்னும் ஐந்து வாரம் போகட்டும். பிறகு மாஸ்டர் பக்கத்தில் இருக்க, விட்டுப்போன இடங்களை மட்டும் நிரப்புங்கள். நீலம் படிந்த இடத்தின் மேல் வெள்ளை மை போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், நம் நிறத்தில் அது மங்கிய மஞ்சளாகத் தெரியும். எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஷேடிங் வந்தால் அந்தச் சாயல் அதற்குள் அடங்கிவிடும். அதை மாஸ்டர் போடட்டும், நீங்கள் தோலை இழுத்துப் பிடியுங்கள்.