கடைவீதி கேள்வி-பதில்: பழமை என்ற பெயரில் விற்பவை

கே: பழம்பொருள் கடை ஒன்றில் ‘பிரெஞ்சுக்காரர் காலத்து பர்மா தேக்கு அலமாரி’ என்று 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். முகப்பு மட்டும்தான் தேக்கு, முதுகுப் பலகை பிளைவுட் என்கிறார் எங்கள் தச்சர். கடைக்காரரோ ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார். பில் வாங்கவில்லை.
– புதுச்சேரி, லாஸ்பேட்டை வாசகர்

ப: 65,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்காமல் எப்படி வந்தீர்கள்? இந்தப் பகுதியில் எத்தனை முறைதான் சொல்வது! போகட்டும். பொய் சொல்லி விற்றவர் அவர், எனவே தயங்காமல் கேளுங்கள்.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பில் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவே சான்று. வாட்ஸ்அப்பில் அவர் ‘பர்மா தேக்கு’ என்று எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

அடுத்த முறை கதவைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இழுப்பறையை முழுவதும் உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் அறுத்த மூட்டுகள் ஒன்றுபோல் இருக்காது. பழைய ஆணியைச் சுற்றி மரத்தில் கருப்பாகத் துருக்கறை ஊறியிருக்கும். உள்ளே ஸ்டார் தலை ஸ்க்ரூ மின்னினால், அது எப்போது வந்தது என்று கேளுங்கள். எனக்கும் ஈட்டி மரம் என்று சொல்லி ஓர் ஊஞ்சல் பலகையைத் தலையில் கட்டினார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் துணியெல்லாம் கருஞ்சிவப்புச் சாயம், அடியில் வெளிறிய மலிவு மரம். அன்றிலிருந்து எந்தப் பொருளையும் அடிப்பக்கம் பார்க்காமல் வாங்குவதில்லை.

கே: தேவனாம்பட்டினத்தில் கிடைத்ததாம், ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்த ராமர் பட்டாபிஷேக நாணயம். 15,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– கடலூர், மஞ்சக்குப்பம் வாசகர்

ப: வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடிக்கவே இல்லை. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது உண்மை. அந்த உண்மையைச் சொல்லித்தான் இந்தப் பொய்யை விற்கிறார்கள்.

கே: காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய சட்டை ஒரே சலவையில் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் போனால் அந்த ஆளைக் காணோம்.
– முத்தியால்பேட்டை வாசகர்

ப: நடைபாதையில் வாங்கும்போது கையிலுள்ள துணியை மட்டும் நம்புங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கே: புதுச்சேரியின் தமிழர் பகுதியில் எங்களுடையது திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள பழைய வீடு. சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சிமென்ட் பூசி, அதன்மேல் ‘வாட்டர் ப்ரூஃப்’ பெயிண்ட் அடித்தோம். பத்து வருடம் கியாரண்டி என்றார் கான்ட்ராக்டர். இரண்டே மழைக்காலத்தில் எல்லாம் பொரிந்து உதிர்கிறது. மறுபடி அடிக்க 80,000 கேட்கிறார். கணவர் இல்லை, ஓய்வூதியம்தான்.
– வைசியாள் வீதி அருகிலிருந்து ஒரு வாசகி

ப: அம்மா, இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. தொழில் தெரிந்தவர் என்று நம்பித்தானே வேலையைக் கொடுத்தீர்கள்?

இந்த ஊரின் பழைய வீடுகளெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டையும் பெயிண்டையும் ஏற்றுவது, வேர்க்கிற உடம்புக்கு பிளாஸ்டிக் சட்டை போடுவது போலத்தான். வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளும், செங்கல் மாவாக உதிரும். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் மரம் உளுத்துப்போகும். பிறகு அதே ஆட்கள் வந்து ‘வீடு பழசு, இடித்துவிடலாம்’ என்பார்கள். இப்படி நம் கண்முன்னே போன திண்ணைகள் கொஞ்சமா? உங்கள் வைசியாள் வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அப்படிப்பட்ட வீதிக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட்டை விற்கிறார்கள் என்றால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பூச்சைக் கரண்டியால் சுரண்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்து பார்க்காமல் கியாரண்டி கொடுத்தவர் எப்படிப்பட்ட தொழிலாளி?

இப்போது செய்ய வேண்டியது இது. உதிர்ந்த இடங்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கியாரண்டித் தாளைப் படியுங்கள். தரை ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். ஈரத்துக்காகவே அழைத்தவரிடம் அதை மறைத்திருந்தால் அதுவே சேவைக் குறைபாடு, ஆணையத்தில் வழக்குப் போடலாம். சிமென்ட்டைச் சுவர் அடிபடாமல் மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவர் காயட்டும். பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை இந்த வீடுகளுக்காகவே பல காலமாக வேலை செய்கிறது, அங்கே யோசனை கேளுங்கள்.

கே: பாரிசில் இருக்கும் மகனுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினேன். 120 வருடம் பழமையானது என்றார்கள். விமானத்தில் கொண்டு போகலாமா?
– உழவர்கரை வாசகர்

ப: சொன்னது உண்மையானால் முடியாது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பொய்யானால் விளக்கு போகும், நீங்கள் பழமைக்காகக் கொடுத்த கூடுதல் விலை வீண். கடைக்காரரிடம் வயதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், அவர் முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும். எப்படியானாலும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்த விளக்கைப் பெட்டியில் வைக்காதீர்கள்.