அறை நண்பரும் நான்கு மாத வாடகையும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 26 வயது. ஊர் விருதுநகர் பக்கம். சென்னை துரைப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீடு எடுத்து மூன்று பேர் இருக்கிறோம். வாடகை 24,000, ஆளுக்கு 8,000. அட்வான்ஸ் 72,000-ஐயும் மூன்றாகப் பிரித்துத்தான் கொடுத்தோம். அக்ரிமென்ட் என் பெயரில் மட்டும் இருக்கிறது. எங்களில் ஒருவன் என் காலேஜ் நண்பன், எங்கள் ஊர்க்காரன். நான்கு மாதமாக அவன் ஷேர் வரவில்லை. ஐந்தாம் தேதி ஆனால் ஓனர் என்னைத்தான் கேட்பார், நானே போட்டுக் கட்டிவிடுகிறேன். அவனிடம் கேட்டால் 'அடுத்த மாசம் கண்டிப்பா மச்சான்' என்கிறான். போன வாரம் புது போன் வாங்கியிருக்கிறான். எனக்கோ தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் அனுப்ப முடியவில்லை. அவன் வீட்டில் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். காசுக்காக அவன் முன்னால் நிற்பது அசிங்கமாக இருக்கிறது. அவன் அப்பாவிடம் சொல்லிவிடலாமா? இல்லை, ரூமைப் பூட்டிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

நண்பருக்காக 32,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். உங்கள் நண்பர் அவர் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கில் வைத்து உங்களிடம் கடன் வாங்கவில்லை. நீங்களும் அதைக் கணக்கில் வைக்காதீர்கள். இப்போது உங்கள் தங்கையின் ஃபீஸ்தான் அவர் வாடகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதை நண்பரிடம் ஒருமுறையாவது இப்படியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அக்ரிமென்ட் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால் ஓனருக்கு நீங்கள் ஒருவர்தான் வாடகைதாரர். ஒருவர் ஷேர் வரவில்லை என்பது அவர் கவலை இல்லை, முழு வாடகையையும் உங்களிடம்தான் கேட்பார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவர் யாராவது ஒருவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதே சட்டம், கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலிக்கும் உரிமையையும் தருகிறது. அடுத்த 11 மாத அக்ரிமென்ட் போடும்போது மூவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்கும் ஓனர்கள் பெரும்பாலும் இதற்கு மறுப்பதில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது அட்வான்ஸுக்கு வருகிறேன், உங்களுக்கு வழி இருப்பது அங்கேதான். நண்பரின் பங்கு 24,000 ஓனரிடம் இருக்கிறது. அவர் உங்களுக்குத் தர வேண்டியது 32,000. பேச்சிலர் வீடுகளில் ஆள் மாறும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ஓனர் அட்வான்ஸைத் தொடமாட்டார், புதிதாக வருபவர் தன் பங்கைக் காலி செய்பவர் கையில் கொடுப்பார். அந்த 24,000 உங்களிடம் வரட்டும். மீதி 8,000 மட்டும் கடனாக நிற்கும். மொத்த வீட்டையும் காலி செய்யும் நிலை வந்தால் கணக்கு வேறு. பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கம். அதில் அவர் பங்கு 8,000 போனால் மிஞ்சுவது 16,000 மட்டும்தான். அதனால் ஆள் மாறுவதுதான் உங்களுக்கு நல்லது, அதுவும் சீக்கிரம். இன்னும் மூன்று மாதம் தயங்கினால் பாக்கி 56,000 ஆகிவிடும், அந்த அட்வான்ஸ் பாதிக்குக்கூடக் காணாது.

ஆனால் இந்தக் கணக்கோடு போய் அவர் முன்னால் நிற்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா? வேலை இருக்கிறதா? லோன் ஆப் எதிலாவது மாட்டியிருக்கிறாரா? புது போனைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிவது நியாயம்தான். ஆனால் கையில் காசே இல்லாதவர்கூட மாதத் தவணையில் போன் வாங்கிவிட முடிகிற காலம் இது. முடியாமல் கொடுக்காதவருக்கும், மனம் இல்லாமல் கொடுக்காதவருக்கும் ஒரே பதில் சரிவராது. முடியாதவர் என்றால் மாதம் மூவாயிரம், நாலாயிரம் என்று பிரித்து வாங்கிக்கொள்ளலாம். எட்டாயிரம் கட்டுப்படியாகாவிட்டால் வாடகை குறைவான இடத்துக்கு அவர் மாறுவதுதான் அவருக்கும் நல்லது. மனம் இல்லாதவர் என்றால் தவணைப் பேச்சே வேண்டாம், காலி செய்யத் தேதி கேளுங்கள்.

இரவு பத்து மணிக்கு மற்றவர் முன்னால் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போய்ப் பேசுங்கள். அப்புறம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: 'மச்சான், இன்னைக்குப் பேசினபடி நாலு மாச வாடகை 32,000 பாக்கி. 10-ஆம் தேதிக்குள்ள 8,000, மீதியை மாசம் 4,000-ன்னு தர்றேன்னு சொன்ன. அடுத்த மாச வாடகை தனி. சரிதானே?' அவர் 'சரி' என்று பதில் போட்டால் அது கடனை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம். நான்கு மாதமும் நீங்கள் ஓனருக்கு முழு வாடகை அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இபி பில்லில் அவர் பங்கு பாக்கி இருந்தால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

ரூமைப் பூட்டாதீர்கள். அவர் லேப்டாப்பையோ சர்டிபிகேட்டையோ பிடித்து வைக்காதீர்கள். அந்த நிமிடத்தில் அவர் போலீஸுக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள், 32,000 பேச்சில் வரவே வராது.

அப்பாவிடம் சொல்வதை நான் கடைசியில்தான் வைப்பேன். நண்பர் சின்னப் பையன் இல்லை, அவர் வாங்கிய கடனுக்கு அவர்தான் பொறுப்பு. அப்பாவிடம் சொன்னால் பணம் வரலாம். ஆனால் ஊரில் அது வேறு பேச்சாகும், இரண்டு குடும்பமும் முகம் பார்க்க முடியாமல் போகும். நீங்கள் எழுதி அனுப்பிய தேதியும் கடந்து, அவர் போனையும் எடுக்காமல் போனால் மட்டும் சொல்லுங்கள். அதையும் நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

காலி செய்துவிட்டுக் கம்பி நீட்டினால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்கு போடுவதற்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். பணம் வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. எட்டாயிரத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அப்போது யோசித்துக்கொள்ளுங்கள். விட்டுவிடுவது என்று முடிவு செய்தால் அதை அவரிடமே சொல்லி முடித்துவிடுங்கள், மனதுக்குள் வைத்துக் குமையாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்றாவது ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். நான்கு மாதமாக இந்தப் பாரம் முழுவதும் உங்கள் தலையில் இருப்பது அவருக்குத் தெரியுமா? நண்பரைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். புது ஆள் தேடுவதாக இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். புதிதாக வருபவர் பெயரை ஓனருக்கும் சொல்லிவிடுங்கள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன என்று தங்கையிடம் கேட்டீர்களா? இந்த மாதம் உங்கள் கையில் இருப்பதில் முதலில் அதைக் கட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா