பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்கலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு இரண்டரை ஆண்டு குடியிருந்தோம். அட்வான்ஸ் 1,50,000 ரூபாயை வங்கி மூலம் கொடுத்தோம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. பெயின்ட், பிளம்பிங், கரண்ட் பில் என்று 40,000 ரூபாய் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த ஆள் வந்த பிறகுதான் தருவேன் என்கிறார் ஓனர். என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் முறையான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அதே பிரிவு அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் வைக்கச் சொல்கிறது. ஆனால் வேறு உடன்பாடு இருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. ஆகவே பத்து மாத அட்வான்ஸ் வாங்கியதே தவறு என்ற வாதத்தை முன்னே வைக்காதீர்கள். கெடு தாண்டியதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி கழிவுகள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்ப்பது என்ற பட்டியல் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் லைன், வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச், பூட்டு, கீஸர், உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. எனவே பிளம்பிங் கணக்கில் டேப் எவ்வளவு, பைப் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பெயின்ட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? குழந்தைகள் கிறுக்கியது, ஆணி அடித்துக் காரை பெயர்ந்தது போன்ற சேதம் உண்டா? இரண்டும் இல்லையென்றால், இரண்டரை ஆண்டில் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். அதற்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. கரண்டுக்கு, காலி செய்த நாள் ரீடிங்வரை உள்ள தொகை மட்டுமே உங்களுடையது. மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் சண்டையே வராது.

முதலில், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில்லோடு கணக்குத் தரச் சொல்லியும், பதினைந்து நாளில் மீதியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லியும் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். சாவி கொடுத்த தேதியை அதில் கட்டாயம் எழுதுங்கள். ஒரு மாதக் கெடு எப்போது முடிந்தது என்பது அதை வைத்துத்தான். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்: அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்லும் 2023 பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கடிதத்துக்குப் பலன் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு பணத்தை வசூலிக்க வழக்கு. அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

உங்கள் பக்கம் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்யச் சொல்லும் 1908 பதிவுச் சட்டத்தை வைத்து வந்தது. வாடகைச் சட்டமோ, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்கிறது. பதியாத ஒப்பந்தம் சான்றாகாது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அட்வான்ஸ் வங்கி மூலம் போனது இங்கேதான் கைகொடுக்கும்: ஸ்டேட்மென்ட்டில் தேதியும் தொகையும் பெறுநர் பெயரும் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நிலைமை கடினம்.

அடுத்த வீட்டில், அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றிப் பதிவு எண் வாங்குங்கள். ஓனர் சேர்ந்து வரவில்லை என்றால் குடியிருப்பவர் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம். பெயின்ட் யார் செலவு என்பதை ஒரே வரியில் தொகையோடு எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.